வெள்ளியும் ஞாயிறும்

வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் நண்டு எடுக்கமாட்டோம் என்று வாடிக் கதவில் எழுதிப்போட்ட மறுநாள் காலையில் வந்து பார்த்தால், கதவு முழுக்க அழுகிய நண்டுக் கோதும் குடலும் அப்பிக் கிடந்தது. நாற்றம் ரோட்டுவரை வந்தது. மாதா கோயில் பக்கத்து ஆட்கள் என்றால் வெள்ளிக்காக அப்பியிருப்பார்கள். பள்ளிவாசல் பக்கத்து ஆட்கள் என்றால் ஞாயிறுக்காக. இரண்டு பக்கமும் சேர்ந்து செய்கிற காரியம் ஒன்று இந்தக் கரையில் இருக்கிறது என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

என் பெயர் மாக்கிறட். எத்தாளைக்குக் கிழக்கே, கடல்நீர் உள்ளே வந்து தேங்கி நிற்கிற களப்போரத்தில் நண்டு வாடி வைத்திருக்கிறேன். வாடி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரை, ஒரு தராசு, ஒரு நீள மேசை, ஐஸ் போட்ட றெஜிபோம் பெட்டிகள். நண்டைக் கழுவித் தரம் பிரிக்க அமானி என்ற பெண் இருக்கிறாள். விடிந்ததும் கரையில் வந்திறங்கும் நீலக்கால் நண்டை நான் நிறுத்து எடுப்பேன். மத்தியானம் கம்பனி லொறி வந்து ஏற்றிக்கொண்டு போகும். அந்த நண்டின் சதை தகரப் பேணியில் அடைபட்டு எங்கோ வெளிநாட்டுக்குப் போகிறது. அங்கே தின்கிறவனுக்கு மனச்சாட்சி குத்தக்கூடாதாம். அதற்காக நான் இங்கே ஒவ்வொரு நண்டின் வயிற்றையும் திருப்பிப் பார்க்கிறேன்.

இந்தக் கரையின் கூத்தைச் சொன்னால்தான் கதவில் நான் ஏன் எழுதினேன் என்று விளங்கும். நண்டு வலையைப் பின்னேரம் போட்டு விடிய எடுப்பார்கள். வெள்ளி ஜும்ஆத் தொழுகை என்பதால் முஸ்லிம் ஆட்கள் வியாழன் பின்னேரம் வலை போடமாட்டார்கள். ஞாயிறு பூசை என்பதால் எங்கள் ஆட்கள் சனி பின்னேரம் போடமாட்டார்கள். ஆக, வெள்ளி விடிய களப்பு முழுக்க எங்கள் ஆட்களுக்கு, ஞாயிறு விடிய அவர்களுக்கு. மற்றவன் இல்லாத நாளில் வலை கனக்கத்தானே செய்யும்? கனத்தால் எங்கள் ஆட்கள் அதை மாதாவின் ஆசீர்வாதம் என்பார்கள், அவர்கள் பறக்கத் என்பார்கள். அடுத்தவன் வலை போடாததால் வந்த நண்டு என்று ஒருவன் வாயிலும் வராது.

மீன்பிடி அதிகாரிகள் வந்து கடலுக்கு ஓய்வு கொடுக்கிறீர்களா என்று கேட்டால் இரண்டு பக்கமும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரே பதிலைச் சொல்லும். "ஓம் சேர், கிழமையில ஒரு நாள் நாங்க கடல்ல இறங்கிறதே இல்ல." இரண்டு பக்கமும் சொல்வது உண்மை. ஆனால் களப்புக்கு ஒரு நாளும் கிடைக்கவில்லை. உண்மையையே பேசிப் பேசி ஒரு களப்பைத் தின்று முடித்த ஆட்களை நீங்கள் வேறெங்கும் காணமுடியாது.

களப்புக்குள் புல்லடி என்று ஓர் இடம் இருக்கிறது. இடுப்பளவு தண்ணீர், அடியில் பாய் விரித்த மாதிரிக் கடற்புல். நண்டுக் குஞ்சு வளர்வது அங்கேதான். முட்டையோடு களப்பு வாய்க்குப் போகிற பெட்டை நண்டும் அந்த வழியாகத்தான் போகவேண்டும். நண்டு தாராளமாகக் கிடைத்த காலத்தில் புல்லில் வலை சிக்கும் என்று ஒருவனும் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. மற்ற இடமெல்லாம் வறண்ட பிறகு எல்லா வலையும் புல்லடிக்குப் போனது. முட்டை நண்டைக் கம்பனி எடுக்காது. அதனால் வயிற்றில் தொங்கும் முட்டைப் பொதியைப் பல்லு மினுக்கும் பிறஷால் தேய்த்து எடுத்துவிட்டு, ஒன்றும் அறியாத முகத்தோடு கூடையின் அடியில் போட்டுக் கொண்டுவருவார்கள். அடி மடல் தளர்ந்து திறந்து நிற்கும், மயிரில் மஞ்சள் ஒட்டியிருக்கும். அதுதான் துடைச்ச நண்டு.

கம்பனியில் தரம் பார்க்கிறவள் சுஜீவா, சிலாபத்துக்காரி. ஒரு நாள் கையுறை மாட்டிக்கொண்டு வந்து, பெட்டியைக் கவிழ்த்து, துடைச்ச நண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மேசையில் வரிசையாக வைத்தாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

"மாக்கிறட், அடுத்த மாசம் முதல் திங்கக்கிழம திரும்ப வருவன். அண்டைக்கும் துடைச்ச நண்டு இருந்தா இந்தக் கரைய லிஸ்ட்டில இருந்து எடுக்கச் சொல்லியிருக்கு. பிறகு நான் ஒண்டும் செய்ய ஏலாது."

கம்பனி போனால் மிஞ்சுவது சிலாபத்து லொறிக்காரன்தான். அவன் குஞ்சும் எடுப்பான், முட்டையும் எடுப்பான், அவனுக்கு வாடியும் தேவையில்லை, நானும் தேவையில்லை. இந்த வாடியை நான் ஓர் ஓலைக் கொட்டிலில் இருந்து தொடங்கி இந்த அளவுக்குக் கொண்டுவந்தேன். இது இல்லையென்றால் நான் என் புருசனின் வலையில் சிக்கெடுத்துக்கொண்டு மூலையில் இருக்கும் ஒருத்தி. அதற்கு எனக்கு விருப்பமில்லை. அதனால்தான் கதவில் எழுதினேன். இரண்டு நாளும் தராசு இல்லையென்றால் இரண்டு பக்கமும் இரண்டு நாள் வலை போடாது, புல்லடிக்கு மூச்சு வரும் என்பது என் கணக்கு.

முதலில் பாய்ந்தது என் புருசன் ஜூட். கோயில் பக்கத்துச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர்.

"விசரே உனக்கு? வெள்ளிய விட்டுக்குடுத்தா அவங்கள் எங்களப் பாத்துச் சிரிப்பாங்கள்."

"வாடிய மூடினா ஊரே சிரிக்கும். அது பரவாயில்லையோ?"

"துடைக்கிறது அவங்கள். அதுக்கு எங்கட நாளை ஏன் மூடுறாய்?"

அதையேதான் அன்று பின்னேரம் மறுபக்கத்தின் வாயிலிருந்தும் கேட்டேன். பள்ளிப் பக்கத்துச் சங்கத் தலைவர் தாஹிர் நானா சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு வாடி வாசலில் வந்து நின்றார். அமானி அவருடைய தங்கை. புருசன் மௌத்தான பிறகு நானாவின் வீட்டில்தான் இருக்கிறாள். அவள் உள்ளே நண்டு கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கெழம எங்கட நாள் மாக்கிறட். அத மூடுறதுக்கு நீங்க யாரு?"

"நாள் உங்கட. புல்லடி ஆர்ர நானா?"

"அதத்தான் நானும் கேக்குறன். வெள்ளியில உங்கட ஆக்கள் புல்லடிய வழிச்சுத் தொடச்சிட்டுப் போறாங்க. நாங்க தொழுதுட்டு வந்து பாத்தா குஞ்சும் இல்ல, குருமானும் இல்ல."

"துடைச்ச நண்டு ஞாயிறிலதான் வருது."

"வல்லாஹி, எங்கட ஒருத்தனும் தொடைக்கிறல்ல. வன்னியில இருந்து ஓடி வந்த ஆக்கள் இங்க கடலப் பங்கு வைக்க வாறீங்களோ?"

"நீங்கள் மட்டும் மன்னாரில இருந்து விருந்துக்கே வந்தனீங்கள்?"

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. அமானி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தொண்ணூறில் தமிழ் இயக்கம் மன்னார் முஸ்லிம்களை வீட்டைவிட்டு விரட்டியபோது அவள் கைக்குழந்தை. சொல்லக்கூடாத கதைதான். ஆனால் முதலில் வாயைத் திறந்தது அவளுடைய நானா. நான் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை. தாஹிர் நானா வாசலில் காறித் துப்பிவிட்டுப் போனார்.

பிறகு சுஜீவா இரண்டு சங்கத்தையும் கூப்பிட்டு, கம்பனி சொன்னதை நேருக்கு நேராகச் சொன்னாள். வேறு வழியில்லாமல் இரண்டு நாளும் வலை இல்லை என்று இரண்டு பக்கமும் தலையாட்டியது. ஜூட்டும் தாஹிர் நானாவும் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி கூட்டம் முடியும்வரை இருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் தப்பித் தவறியும் பார்க்கவில்லை. அவ்வளவு ஒழுங்கான கோபத்தில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

தலையாட்டியதோடு சரி. சனிக்கிழமையும் திங்கட்கிழமையும் வருகிற நண்டு கண் மங்கி, கால் சோர்ந்து வந்தது. ஒரு நாள் ஐஸில் கிடந்த நண்டு எனக்குத் தெரியாதா? அதற்குள் துடைச்சதும் கலந்திருந்தது. கூடையை நிறுத்து மேசையில் கொட்டிக் கிளறும்போதுதான் அது கண்ணில் படும். அதற்குள் பத்துக் கூடை நண்டு ஒன்றாகிவிடும், கூடைக்காரன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ரோட்டுக்குப் போயிருப்பான். துடைச்சதைப் பொறுக்கிப் பொறுக்கி எறிந்தேன். எறிய எறிய வந்தது.

"நான் சொன்னனான்தானே? நாங்கள் பூசையில நிக்கேக்க அவங்கள் இறங்குறாங்கள்," என்றார் ஜூட். சொல்லிவிட்டு என் தோளில் கையும் வைத்தார். நான் நம்பினேன்.

அமானி வேறு கதை கொண்டுவந்தாள். "நாங்க ஜும்ஆவுக்குப் போன கையோட உங்கட ஆக்கள் இறங்குறாங்களாம். நானா சொல்றார்."

"உன்ர நானா சொல்லுவார்."

"உங்கட மாப்பிள்ள ஜூட் மட்டும் வானத்து மலக்கோ?"

அதோடு இரண்டு பேரும் கதைக்கிறதை நிறுத்தினோம். ஒரே மேசையின் இரண்டு பக்கமும் நின்று ஒரே நண்டைப் பிரித்துக்கொண்டு, பெட்டி வேண்டுமென்றால் கையால் காட்டிக்கொண்டு, ஒரு கிழமை அப்படியே போனது. சுஜீவா வரும் திங்கட்கிழமை நெருங்கியது. எனக்கு நித்திரை கெட்டுப்போய்விட்டது. கடைசியில் அமானியிடம் நானே வாயைத் திறந்தேன்.

"ஞாயிறு விடிய புல்லடிக்குப் போய்ப் பாப்பம். வாறியா?"

"வெள்ளிக்குப் போவம்."

"ஞாயிறு."

"வெள்ளி."

அதற்கும் சண்டை. பிறகு அவளே விட்டுக்கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தாஹிர் நானா மாம்புரியில் குத்தகைக்கு எடுத்த மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போவார், களப்புப் பக்கமே வரமாட்டார் என்று அவளுக்கு உறுதி. என் முகத்தில் கரி பூசத்தான் அவள் வந்தாள். அவள் முகத்தில் பூசத்தான் நான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். நியாயம், களப்பு, நண்டுக் குஞ்சு எல்லாம் எங்கள் இரண்டு பேருக்கும் அன்று இரண்டாம் பட்சம்தான்.

ஞாயிறு காலையில் தலையிடி என்று படுத்திருந்தேன். ஜூட் வெள்ளைச் சேர்ட்டு போட்டு, தலையை வாரி இழுத்து, "மாத்திரை போட்டிட்டுப் படு," என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் பூசைக்குப் போனார். அவர் ஒழுங்கை முனை திரும்பியதும் நான் கரைக்கு ஓடினேன். அமானி தோணியைத் தண்ணீரில் தள்ளிவிட்டு நின்றாள். அவள் கம்பு ஊன்றினாள், நான் முன்னால் அணியத்தில் இருந்தேன். நுரைச்சோலை மின்நிலையப் புகைபோக்கி ஒரு பக்கமும் கோயில் கோபுரம் மற்றப் பக்கமும் தெரிந்தன.

இந்தக் கரையில் மிதவைக்கும் சமயம் உண்டு. எங்கள் ஆட்கள் பழைய ரப்பர் செருப்பை வெட்டிச் சிவப்பு மிதவை போடுவார்கள், அவர்கள் பச்சை. புல்லடி கிட்ட வந்ததும் தண்ணீரில் பச்சை மிதவைகள் வரிசையாகத் தெரிந்தன. எனக்கு வந்த சந்தோசத்தை மறைக்கத் தெரியவில்லை.

"பாத்தியா? பச்சை. ஆர்ர பச்சை அது?"

அமானி ஒரு மிதவையைத் தூக்கிப் பார்த்தாள். அதில் சூட்டுக்கம்பியால் போட்ட குறி இருந்தது. அவளுடைய நானாவின் குறி. அவள் முகம் செத்துப்போனது. நான் சிரித்தேன். நன்றாக, வாய்விட்டுச் சிரித்தேன். அவள் கம்பை ஊன்றி வலை போகிற திசையிலேயே தோணியைக் கொண்டுபோனாள். பச்சை முடிந்தது. வலை முடியவில்லை. பச்சை வலையின் நுனியில் இன்னொரு வலை இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. அதற்குப் பிறகு சிவப்பு, சிவப்பு, சிவப்பு.

அந்தச் சிவப்பு மிதவைகளை நான்தான் வெட்டினேன். என்னுடைய பழைய குளியலறைச் செருப்பு. குதிக்கால் தேய்ந்த பள்ளம்கூட ஒன்றில் இருந்தது.

"இப்ப நான் சிரிக்கட்டா அக்கா?" என்றாள் அமானி. ஆனால் சிரிக்கவில்லை.

நான் வலையைப் பிடித்துத் தோணிக்குள் இழுத்தேன். முட்டை நண்டுகள் வந்தன. மஞ்சள் பொதி, கபிலப் பொதி, நாளைக்கே பொரிக்கப்போகிற கறுப்புப் பொதி. இடையில் ஐஞ்சு சதக் காசுக் குத்தியளவு குஞ்சுகள் கண்ணியில் கழுத்து நெரிபட்டுத் தொங்கின. அமானி என் பக்கத்தில் வந்து குந்தி, ஒவ்வொன்றாகக் கழற்றித் தண்ணீரில் விடத் தொடங்கினாள். நான் இழுத்தேன், அவள் கழற்றினாள். தோணி வலையால் நிறைந்துகொண்டிருந்தபோது என்ஜின் சத்தம் கேட்டது. தாஹிர் நானா வந்தார், வலை எடுக்க. எங்களைக் கண்டதும் என்ஜினை நிறுத்தினார்.

"மாம்புரிக்கு இந்த வழியாலயும் போகலாமா நானா?" என்று கேட்டாள் அமானி.

அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கோபம் இருக்கவில்லை, அலுப்புத்தான் இருந்தது.

"இது இண்டைக்கு நேத்துச் செய்ற வேலயில்ல மாக்கிறட். வெள்ளிக்கு எங்கட வலையையும் ஜூட் போட்டெடுப்பார். ஞாயிறுக்கு அவர்ட வலையையும் நான் போட்டெடுப்பன். அவர்ட வலையில விழுந்தது அவருக்கு, எங்கட வலையில விழுந்தது எங்களுக்கு. ஒரு நண்டு மாறினதில்ல."

"தலையாட்டினீங்களே. இரண்டு நாளும் இறங்கமாட்டம் எண்டு தலையாட்டினீங்களே."

"வெள்ளியில நான் கடல்ல இறங்கினன் எண்டு ஒருத்தன் சொல்லட்டும். சின்ன வயசில இருந்து ஒரு வெள்ளி நான் இறங்கினதில்ல. ஜூட்டும் ஒரு ஞாயிறு இறங்கினதில்ல. மனுசனுக்குத்தான் ஜும்ஆ. வலைக்கு என்ன ஜும்ஆ?"

அவர் அதை மனதார நம்பித்தான் சொன்னார். அதுதான் எனக்கு உச்சியில் ஏறியது. பொய்யனைக் கன்னத்தில் அறையலாம். இந்த மனுசனை எங்கே அறைவது? படைத்தவனுக்கு நாள் ஒதுக்கிவிட்டு, அந்த நாளைப் பக்கத்து வீட்டுக்காரனிடம் வாடகைக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஊருக்கு முன்னால் கதிரையைத் திருப்பிப் போடுவார்கள். புல்லடியில் வலையை முடிச்சுப் போடுவார்கள்.

ஜூட் அதற்கும் மேல். துடைச்ச நண்டு வந்தால் வாடி மூடப்படும் என்று தெரிந்துகொண்டுதான் என் மேசையிலேயே கொண்டுவந்து கொட்டியிருக்கிறார். கொட்டிவிட்டு என் தோளில் கை வேறு வைத்தார்.

"வலையைத் தாங்க. நான் போறன்," என்றார் தாஹிர் நானா.

"கரையில வந்து கேளுங்கோ, தாறன்."

அவர் அமானியைப் பார்த்துக் கையை நீட்டினார். அவள் வலைக்கு மேல் ஏறி இருந்துகொண்டாள். தங்கையின் மேல் கைவைக்க முடியாமல் அவர் என்ஜினைப் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்.

கோயில் ரோட்டும் பள்ளி ரோட்டும் சேர்கிற சந்தியில் நானும் அமானியும் அந்த வலையை இழுத்துக்கொண்டு வந்து போட்டோம். நீட்டி விரித்தால் பச்சை பள்ளிப் பக்கமும் சிவப்பு கோயில் பக்கமும், முடிச்சு நடுச் சந்தியிலுமாகக் கிடந்தது. பூசை முடிந்து சனம் வந்துகொண்டிருந்தது. மோட்டார் சைக்கிள்கள் நின்றன. கடையில் பாண் வாங்க வந்த முஸ்லிம் ஆட்களும் நின்றார்கள். ஜூட் வெள்ளைச் சேர்ட்டோடு முன்வரிசைக்கு வந்து, வலையைக் கண்டு, அப்படியே நின்றார். சற்று நேரத்தில் தாஹிர் நானாவும் வந்தார். தோளில் மண்வெட்டி! மாம்புரியில் இருந்து வருகிறாராம்.

வாடியில் இருந்து எடுத்துவந்த கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நான் கேட்டேன்.

"ஞாயித்துக்கிழம காலையில புல்லடியில கிடந்த வலை. ஆர்ர எண்டு சொல்லி எடுத்துக்கொண்டு போங்கோ. நான் ஒண்டும் கேக்கமாட்டன்."

முன்னால் நின்றவர்கள் மிதவையைப் பார்த்தார்கள், பிறகு ரோட்டைப் பார்த்தார்கள்.

"நானா, பச்சை உங்கட பக்கம். உங்கடயோ?"

"எங்கட இல்ல," என்றார் அவர், மண்வெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு.

நான் என் புருசனைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில்கூட எனக்கு ஆசை இருந்தது. என்னுடையதுதான் மாக்கிறட், பிழை செய்துவிட்டேன் என்று ஒரு சொல் வந்திருந்தால், சனத்துக்கு முன்னால் கத்தியைக் கீழே போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அந்த வலைக்காகக் கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தவள் நான்.

"உங்கடயோ?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாது," என்றார் ஜூட்.

அமானி நுனியைக் காலால் மிதித்து இழுத்துப் பிடித்தாள். நான் முடிச்சில் இருந்து தொடங்கினேன். தங்கூசி நைலோன் வலை நனைந்திருந்தாலும் நல்ல கத்திக்கு நிற்காது. முதலில் சிவப்புப் பக்கம் வெட்டினேன், பிறகு பச்சைப் பக்கம். அமானியிடம் கத்தியைக் கொடுத்தேன், அவளும் வெட்டினாள். ஜூட் ஓர் அடி முன்னுக்கு வைத்தார். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்ததும் காலைப் பின்னுக்கு எடுத்தார். தன்னுடைய வலை துண்டு துண்டாகப் போவதைப் பார்த்துக்கொண்டு, யாருடையதோ என்ற முகத்தோடு நிற்கிற பாடு இருக்கிறதே, அதை நான் என் எதிரிக்கும் விரும்பமாட்டேன். அவருக்கு விரும்பினேன்.

"பொம்பிளையளுக்கு இவ்வளவு திமிரோ?" என்றான் எங்கள் பக்கத்தில் ஒருவன்.

"அதானே," என்றான் அவர்கள் பக்கத்தில் ஒருவன். அப்போது கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தேன். பாதி ஆம்பிளைகளின் தலை குனிந்திருந்தது. பச்சையும் சிவப்பும் முடிச்சுப் போட்டுக்கொண்டது இந்த ஒரு வலையில் மட்டும் இல்லை என்று எனக்கு விளங்கியது. எனக்கு மட்டும் இல்லை, பக்கத்தில் நின்ற அவரவர் மனைவிமாருக்கும், கூட்டாளி பிடிக்காமல் ஒழுங்காக வீட்டில் இருந்த மற்றப் பாதிப் பேருக்கும் விளங்கியது.

அன்று பகல் கரை இருந்த இருப்பைச் சொல்லி முடியாது. இவ்வளவு காலமும் கோயில் பக்கமும் பள்ளிப் பக்கமும் சண்டை பிடித்தன. இப்போது கோயில் பக்கத்துக்குள்ளேயும் பள்ளிப் பக்கத்துக்குள்ளேயும் தொடங்கியது. நீ யாரோடு கூட்டு, எத்தனை ஞாயிறு எங்களை ஏமாற்றினாய் என்று வீட்டுக்கு வீடு சத்தம். ஒரு வீட்டில் அலுமாரிக் கண்ணாடியே உடைந்தது. சங்கக் கட்டடத்தில் சேர்ட்டைப் பிடித்துக் கிழித்தார்கள்.

ஜூட் பின்னேரம் வந்து உடுப்பை ஒரு பையில் போட்டார்.

"உனக்கு நான் பெரிசா, வாடி பெரிசா?"

"துடைச்ச நண்டைக் கொண்டுவந்து என்ர மேசையில கொட்டேக்க நீங்கள் இதை உங்களட்டக் கேட்டிருக்கோணும்."

அவர் தமையன் வீட்டுக்குப் போய்விட்டார். நான் மறிக்கவில்லை. அழுதேன், அது வேறு.

வலை போடுகிற நேரமானது. ஒரு தோணியும் இறங்கவில்லை. எல்லாரும் கரைக்கு வந்திருந்தார்கள், வலையும் ஏற்றியிருந்தார்கள். ஆனால் எவன் முதலில் இறங்கி எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று பார்ப்பதற்காக ஒவ்வொருவனும் மற்றவனைப் பார்த்துக்கொண்டு இருந்தான். இறங்குகிறவனின் வலை நாளைக்குச் சந்தியில் கிடக்கும். கிடந்தால் வாய்திறந்து என்னுடையது என்று கேட்கவும் முடியாது. பச்சை பச்சையைக் காவல் காத்தது, சிவப்பு சிவப்பைக் காவல் காத்தது. இருண்ட பிறகு ஒவ்வொருவராக வலையை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். ஜும்ஆவும் பூசையும் வாங்கிக் கொடுக்காத ஓய்வை எரிச்சல் வாங்கிக் கொடுத்தது.

திங்கட்கிழமை விடிய வாடியைத் திறந்தேன். படியில் அமானி ஒரு துணிப்பையோடு இருந்தாள். வாடிக்குப் போனால் திரும்பி வீட்டுக்கு வராதே என்று நானா சொல்லிவிட்டாராம்.

"மன்னார்க் கதை ஒண்டு அண்டைக்குச் சொன்னன்," என்றேன்.

"சொன்னீங்க," என்றாள். "இன்னும் எனக்கு ஆறல்ல." பையை உள்ளே வைத்துவிட்டு வழக்கம்போல மேசைக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

கழுவ ஒன்றும் வரவில்லை. ஞாயிறில் எடுத்து ஐஸில் ஒளித்ததைக் கொண்டுவரவும் ஒருவனுக்கும் துணிவில்லை. ஒரு கூடை வரவில்லை. சிலாபத்து லொறிக்காரன்கூட ரோட்டில் ஹோர்ன் அடித்துப் பார்த்துவிட்டு வெறும் லொறியோடு திரும்பினான். தராசுத் தட்டு காய்ந்து கிடந்தது. சுஜீவா வந்து கையுறை மாட்டினாள். முதல் பெட்டியைத் திறந்தாள், ஐஸ். இரண்டாவதைத் திறந்தாள், ஐஸ். எல்லாப் பெட்டியையும் திறந்து பார்த்துவிட்டு, மேசையையும் பார்த்துவிட்டு, கையுறையை மெல்லக் கழற்றினாள்.

"துடைச்ச நண்டு ஒண்டுமில்ல. சரி, கரைய எடுக்கச் சொல்லமாட்டன்," என்றாள். பிறகு என் முகத்தையும் அமானியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆனா மாக்கிறட், நண்டும் ஒண்டுமில்லயே. நண்டெல்லாம் எங்க?"

"புல்லடியில மிஸ்," என்றேன். "முட்டையோட."